படம் விழாத இரவுகள்

2012 பிப்ரவரியில் ஓர் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள் இருக்கும் கிரிஃபித் பூங்காவில் ஒரு தானியங்கிக் கேமராவுக்கு முன்னால் பெரிய விலங்கொன்று நடந்து போனது. கேமராவை வைத்தவர்கள் அதைத் தேடி வைக்கவில்லை. நெடுஞ்சாலைகளும் குடியிருப்புகளும் சூழ்ந்து நெருக்கும் அந்தப் பூங்காவுக்குள் எந்தெந்த விலங்குகள் எந்த வழியாக வந்து போகின்றன என்று அறிவதே அவர்கள் நோக்கம். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த உயிரியலாளர் மிகேல் ஓர்தேன்யானாவுக்கு அதுவரை கிடைத்தவை கயோட்டிகள், மான்கள், பாப்கேட் எனப்படும் குட்டைவால் காட்டுப்பூனைகள். அவற்றுக்கு நடுவே ஒரு படத்தில் சட்டம் நிறைய, மலைச்சிங்கம் என்றும் அழைக்கப்படும் பெரிய பூனையான பூமாவின் பின்னுடல் இருந்தது.

ஹாலிவுட் எழுத்துகள் நிற்கும் அதே குன்றுகளில் ஓர் ஆண் பூமா குடிவந்திருந்தது. அடுத்த மாதமே தேசியப் பூங்காச் சேவையின் ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். சான்டா மோனிகா மலைகளில் 2002 முதல் அவர்கள் நடத்திவரும் ஆய்வில் அது இருபத்திரண்டாவது பூமா. அதனால் பி-22 என்று பெயர். மரபணுச் சோதனை அதன் தந்தை பி-1 என்று காட்டியது. பி-1 வாழ்ந்ததோ மேற்கே, சான்டா மோனிகா மலைகளில். அப்படியானால் அமெரிக்காவிலேயே மிக நெரிசலான சாலைகளில் இரண்டை, 405ஐயும் 101ஐயும், இந்த இளம் ஆண் எப்படியோ கடந்து வந்திருக்க வேண்டும். வளர்ந்த ஆண் பூமாவுக்கு அப்பகுதியில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் எல்லை தேவைப்படும். கிரிஃபித் பூங்காவின் பரப்பு சுமார் 17 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளும் அதன் ஓரங்களிலும் பத்தாண்டுகள் அது தனியாக வாழ்ந்தது. துணை கிடைக்கவே இல்லை.

இவ்வளவு செய்தியில் கேமரா சொன்னது எது? இந்த இரவில், இந்த இடத்தில், ஒரு பூமா இருந்தது, அவ்வளவுதான். தந்தை யார் என்பதை மரபணுவும், எல்லை எவ்வளவு என்பதைக் கழுத்துப்பட்டையும் சொன்னன. ஆனால் அந்த முதல் வாக்கியம் இல்லாமல் மற்றவை தொடங்கியிருக்காது. தானியங்கிக் கேமராவின் பலமும் வரம்பும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியிருக்கின்றன. படத்தின் பலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வரம்பைப் பற்றிப் பேசாமல் விடுவதால் காட்டுயிர் பற்றிய நம் அறிவுக்கு நேரும் இழப்பு பெரிது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கருவியிலிருந்து தொடங்குவோம். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தானியங்கிக் கேமராக்களில் இருப்பது வெப்ப அசைவை உணரும் ஓர் உணரி. அது வெப்பத்தைப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பார்ப்பது வெப்பத்தில் ஏற்படும் மாற்றத்தை. உணரியின் முன்னால் உள்ள பிளாஸ்டிக் வில்லை, எதிரே இருக்கும் வெளியைப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறது. ஜன்னல் கம்பிகளுக்கு ஊடாகத் தெருவில் போகிறவரைப் பார்ப்பது போல. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகரும்போது உணரியில் மின்னோட்டம் மாறுகிறது, கேமரா விழிக்கிறது. இதிலிருந்து சில விளைவுகள் பிறக்கின்றன. குறுக்கே நடக்கும் விலங்கு உடனே சிக்கும். கேமராவை நோக்கி நேராக வரும் விலங்கு பட்டைகளைக் கடக்காததால் மிக அருகில் வந்த பின்னரே பதிவாகும், சில வேளை பதிவாகாமலே போகும். வெயில் ஏறிய பிற்பகலில் பாறையும் மண்ணும் விலங்கின் மேல்தோல் அளவுக்குச் சூடாகிவிட்டால், முன்னால் மான் கூட்டமே போனாலும் கேமரா தூங்கும். அதே வெயிலில் சூடான ஒரு புதர் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்களை எடுத்துத் தள்ளும்.

அடுத்தது வேகம். உணரி தூண்டப்படுவதற்கும் படம் விழுவதற்கும் இடையே ஒரு நொடிக்குள்ளான இடைவெளி உண்டு. மலிவான கருவிகளில் அது நீளும். விரைந்து நடக்கும் பூமா அதற்குள் சட்டத்தைக் கடந்துவிடும். மிஞ்சுவது வாலின் நுனி. இரவில் ஒளிர்வதற்கு அகச்சிவப்பு விளக்குகள். 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்பவை மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும், தொலைவுக்கு எட்டும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. எதைத் தேர்ந்தாலும் ஒன்றைப் பெற்று ஒன்றை விடுகிறோம்.

பொருத்தும் கை இன்னும் முக்கியம். பூமாவுக்குக் கேமராவை மனிதரின் முழங்கால் உயரத்தில் கட்டுவார்கள். கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கட்டினால் முதுகின் மேற்பரப்பு மட்டும் கிடைக்கும். காலை, மாலைச் சூரியன் வில்லையில் நேரே விழாமலிருக்க வடக்கு நோக்கி வைப்பது நல்லது. எதிரே உள்ள புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் வெட்ட வேண்டும். கருங்கரடி நடமாடும் இடமென்றால் இரும்புப் பெட்டி தேவை, இல்லையென்றால் அது கடித்துப் பார்க்கும். கடிகாரத்தைச் சரியாக வைக்க வேண்டும்; தேதி தவறிய படம் ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவாது. இடத்தைத் தேர்வதற்குத் தரையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆண் பூமா பெரிய மரத்தடியிலோ மலைமுகட்டு வழியிலோ பின்னங்கால்களால் சருகைப் பின்னுக்குத் தள்ளிச் சிறு குவியலாக்கி, அதில் சிறுநீர் கழித்துவிட்டுப் போகும். அந்த வழியாக வரும் மற்ற பூமாக்கள் அதை முகர்ந்து செய்தி அறிந்துகொள்கின்றன. அப்படியொரு குவியலைக் கண்டவர் அங்கே கேமராவைக் கட்டினால், கண்ணில் படாத விலங்கு என்று ஊரார் சொல்லும் பூமா திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

விலங்கே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் யோசனை நூற்றாண்டைக் கடந்தது. மிச்சிகனில் ஜார்ஜ் ஷைராஸ் கம்பியை இடறினால் வெளிச்சம் வெடிக்கும் ஏற்பாட்டை அமைத்து மான்களை இரவில் படமெடுத்தார். 1906ல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. 1920களில் இந்திய வனப் பணி அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் அதே முறையில் வட இந்தியக் காடுகளில் புலிகளைப் படமெடுத்தார். துப்பாக்கியோடு காட்டுக்குள் போவதே வழக்கமாயிருந்த காலத்தில் அவர் கேமராவைத் தேர்ந்தது என் மதிப்பில் அந்தப் படங்களைவிடப் பெரிய செயல். புலிகளின் வரிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை என்பதையும் அந்தப் படங்கள் காட்டின.

அந்த வரிகள்தான் பிற்காலத்தில் கணக்கின் அடிப்படையாயின. நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் காரந்த் இரு பக்கமும் கேமரா வைத்து, வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் பிரித்தறிந்து, ஒரே புலி எத்தனை முறை மீண்டும் சிக்குகிறது என்பதிலிருந்து சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று கணித்தார். அந்த ஆய்வு 1995ல் வெளிவந்தது. காலடித்தடங்களை வரைந்து எண்ணும் பழைய முறை அதன் பிறகு மெல்ல ஒழிந்தது. 2018-19 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல் படங்கள் கிடைத்தன. அவற்றில் புலிப் படங்கள் 76,651. அவற்றிலிருந்து பிரித்தறிந்த புலிகள் 2,461. நாட்டின் மொத்தம் 2,967 என்ற மதிப்பீடு இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

பூமாவுக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. குட்டியில் இருக்கும் புள்ளிகள் வளர வளர மறைந்துவிடுகின்றன. அலாஸ்காவின் விளிம்பிலிருந்து சிலியின் தென்கோடி வரை பரவியிருக்கும் இந்த விலங்கு உடல் முழுக்க ஒரே பழுப்பு. ஐந்து கேமராக்களில் ஐந்து பூமாப் படங்கள் விழுந்தால் அது ஐந்து பூமாவா, ஒன்றே ஐந்து முறை நடந்ததா? மார்செல்லா கெல்லியும் சக ஆய்வாளர்களும் பொலிவியா, அர்ஜென்டினா, பெலீஸ் ஆகிய மூன்று நாடுகளில் எடுத்த படங்களை வைத்து இதற்கு விடை தேடினார்கள். கிழிந்த காது, வடு, வளைந்த வால் நுனி, உள்தொடையின் மங்கிய குறிகள் ஆகியவற்றைப் பார்த்து மூன்று பேர் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். 2008ல் வெளியான அந்த ஆய்வில், எல்லாப் படங்களிலும் மூவரும் ஒத்துப்போகவில்லை. முறை பயன்படும் என்பது அவர்கள் முடிவு. பயன்படலாம்தான். ஆனால் பயிற்சி பெற்ற மூன்று பேரே ஒரு படத்தில் வேறுபடும்போது, தோட்டத்துக் கேமராவில் விழுந்த மூன்று படங்களைக் காட்டி ‘எங்கள் பகுதியில் மூன்று பூமா’ என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடையாளம் காணாமலே எண்ணும் வழிகளும் வந்துள்ளன. 2008ல் மார்கஸ் ரோக்ளிஃபும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த கணக்கு, வாயு மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும் இயற்பியலிலிருந்து வந்தது. ஒரு கேமராவின் முன்னால் விலங்கு வரும் வீதம் மூன்றைப் பொறுத்தது: அங்கே எத்தனை விலங்குகள் உள்ளன, அவை நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கின்றன, கேமரா எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது. பின்னிரண்டும் தெரிந்தால் முதலாவதைக் கணக்கிடலாம். படம் கூடியது என்பதாலேயே விலங்கு கூடிவிட்டது என்று சொல்ல முடியாது என்பதை இந்தக் கணக்கு தெளிவாக்குகிறது. இரை குறைந்த ஆண்டில் அதே பூமா அதிகம் அலையும், படங்கள் பெருகும். ஊரார் பூமா பெருகிவிட்டது என்பார்கள்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேமராக்களைப் பாதையிலோ சருகுக் குவியலிலோ வைக்கக் கூடாது. வரைபடத்தில் குறி எதுவும் பார்க்காமல் தேர்ந்த புள்ளிகளில்தான் வைக்க வேண்டும். பூமா போன்ற அரிய விலங்கு அப்படியோர் இடத்தில் மாதக்கணக்கில் வராமலே போகலாம். பூமாவைப் பார்க்க வேண்டுமென்றால் அது நடக்கும் வழியில் வைக்க வேண்டும். பூமாவை எண்ண வேண்டுமென்றால் வழியைப் பாராமல் வைக்க வேண்டும். ஒரே கேமராவால் இரண்டையும் செய்ய முடியாது. களத்தில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி, பொதுமக்களிடம் இது போய்ச் சேர்வதே இல்லை. அதனால்தான் பல ஆய்வுகள் சில பூமாக்களுக்குக் கழுத்துப்பட்டையோ காதுக் குறியோ இட்டு, குறியிட்டவையும் குறியிடாதவையும் எந்த விகிதத்தில் படத்தில் விழுகின்றன என்று பார்த்து மொத்தத்தை மதிப்பிடுகின்றன.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எளிதானது இல்லை. ஓர் எளிய கணக்கு. பூமா நடமாடும் ஒரு காட்டில், நீங்கள் வைத்த கேமராவில் ஒரு வாரத்துக்குள் அது சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரம் வைத்தீர்கள், ஒரு படமும் விழவில்லை. அங்கே பூமா இருந்தும் அப்படி நேரும் வாய்ப்பு 43 விழுக்காடு. பூமா இருக்கும் காட்டிலேயே நூற்றுக்கு நாற்பத்துமூன்று முறை, ‘இல்லை’ என்று தவறாக முடிவு செய்வோம். 2002ல் டாரில் மெக்கன்சியும் சக ஆய்வாளர்களும் வகுத்த முறை இந்தப் பிழையைத்தான் திருத்துகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து, சிக்கிய நாட்களையும் சிக்காத நாட்களையும் சேர்த்து எழுதினால், இருக்கும் வாய்ப்பையும் சிக்கும் வாய்ப்பையும் தனித்தனியே பிரிக்கலாம். இதற்குத் தேவை படம் மட்டுமல்ல, படம் விழாத இரவுகளின் பட்டியலும்தான். கேமரா எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்தது, எப்போது மின்கலம் தீர்ந்தது என்ற குறிப்பு இல்லாத பூமாப் படம், எவ்வளவு அழகாயிருந்தாலும், பாதி அறிவுதான்.

கிழக்கு அமெரிக்காவின் கதை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஃபுளோரிடாவுக்கு வெளியே அங்கே வாழ்ந்த பூமா அழிந்துவிட்டது என்று அமெரிக்க மீன், காட்டுயிர் சேவை 2011ல் முடிவுக்கு வந்தது. 2018ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கியது. ஆனாலும் பூமாவைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் குறையவில்லை. ஆராய்ந்து பார்த்தால் பெரும்பாலானவை பாப்கேட், நாய், கயோட்டி, சில வேளை வீட்டுப்பூனை. கருப்புப் பூமாவைக் கண்டதாகவும் சொல்கிறார்கள். உறுதி செய்யப்பட்ட கருப்புப் பூமா இன்றுவரை ஒன்றுகூட இல்லை. வேறு மாநிலத்தில் எடுத்த படத்தை உள்ளூர்ப் படம் என்று சுற்றுக்கு விடுவதும் நடக்கிறது. அதனால் ஒரு படம் வந்தால் அதிகாரிகள் அந்த இடத்துக்கே போகிறார்கள். படத்தில் தெரியும் அதே மரம், அதே கல் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். விலங்கு நின்ற இடத்தில் அளவு தெரிந்த ஒரு கோலை நட்டு, அதே கேமராவில் மீண்டும் படமெடுத்து உயரத்தை ஒப்பிடுகிறார்கள். தொலைவைக் கண் எவ்வளவு தவறாக மதிப்பிடும் என்பது அப்போது தெரியும்: முப்பது அடி தள்ளி நின்ற பூமா என்று சொல்லப்பட்டது பத்து அடியில் நின்ற பூனையாக முடியும்.

2011 ஜூன் 11 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்ட் நகரில் நெடுஞ்சாலையில் வண்டி மோதி ஓர் ஆண் பூமா இறந்தது. நூறாண்டுக்கும் மேலாகப் பூமா இல்லாத மாநிலம் அது. யாரோ வளர்த்துத் தப்பவிட்டது என்பதே முதல் ஊகம். மோன்டானாவின் மிசூலா நகரில் உள்ள வனச் சேவையின் மரபணு ஆய்வகம் வேறு விடை தந்தது. அதன் மரபணு தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் குன்றுகளில் வாழும் பூமாக்களோடு பொருந்தியது. அதோடு, மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் 2009-10ல் சேகரித்திருந்த மலம், முடி, இரத்தம் போன்ற தடயங்கள் இதே விலங்கினுடையவை. விஸ்கான்சினிலும் மிச்சிகனின் மேல் தீபகற்பத்திலும் தானியங்கிக் கேமராக்களில் பல முறை விழுந்திருந்த பூமாவும் இதுவாகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மினசோட்டாவில் முதலில் பதிவான இடத்துக்கும் அது இறந்த இடத்துக்கும் நேர்க்கோட்டில் மட்டும் 1,600 கிலோமீட்டருக்கு மேல். துணை தேடிக் கிழக்கே போன இளம் ஆண் அது. போன திசையில் பெண் பூமா ஒன்றுமே இல்லை.

அந்தப் பயணத்தில் கேமராக்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். வெவ்வேறு இடங்களில் தனித்தனியே கட்டப்பட்டிருந்தவை அவை. தேதியும் இடமும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்ததால், மரபணுத் தடயங்களுக்கு இடையே இருந்த நீண்ட இடைவெளிகளை அந்தப் படங்களால் நிரப்ப முடிந்தது. மிச்சிகனில் 2008 முதல் நூற்றுக்கு மேற்பட்ட பூமாப் பதிவுகள் உறுதி செய்யப்பட்டுள்ளன. அவற்றில் பல ஒரே விலங்கின் மறுபதிவாக இருக்கலாம் என்று அம்மாநில இயற்கை வளத் துறை சொல்வது நேர்மையான எச்சரிக்கை. 2025 மார்ச்சில் அங்கே ஒன்டனாகன் வட்டாரத்தில் சில வார வயதுள்ள இரண்டு குட்டிகளின் படங்கள் உறுதி செய்யப்பட்டன. நூறு பதிவுகள் சொல்லாததை அந்தக் குட்டிகள் சொல்லின: அங்கே ஒரு பெண் பூமா வாழ்கிறது.

இருப்பையும் எண்ணிக்கையையும் தாண்டி, விலங்கின் வாழ்க்கை பற்றிய நம் எண்ணங்களையே இந்தக் கருவி மாற்றியிருக்கிறது. என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். பூமா தனிமை விரும்பி என்று எல்லா நூல்களும் எழுதின. நாய்களை விட்டு விரட்டி மரத்தில் ஏற்றி, மயக்க ஊசி போட்டு ஆராய்ந்த காலத்தில் வேறு எதுவும் தெரிய வழியில்லை. மார்க் எல்ப்ராக்கும் சக ஆய்வாளர்களும் வடமேற்கு வயோமிங்கில் பூமாக்கள் வீழ்த்திய எல்க் மான்களின் உடல்களுக்கு அருகே கேமராக்களை வைத்தார்கள். இரவில் ஒரு பூமா தின்றுகொண்டிருக்கும்போது இன்னொன்று வருகிறது. சீறல், காதுகளை மடக்கிப் படுத்தல், நீண்ட காத்திருப்பு. பிறகு இரண்டும் ஒரே உடலில் தின்கின்றன. 2017ல் வெளியான அந்த ஆய்வில் 118 சந்திப்புகள் பதிவாயின; பாதிக்கு மேல் இரையருகே. விட்டுக்கொடுத்த பூமாவுக்குப் பின்னொரு நாள் மற்றது விட்டுக்கொடுப்பதும் தெரிந்தது. ஓர் ஆண் பூமாவின் எல்லைக்குள் வாழும் பூமாக்கள் ஒரு வகைச் சமூகமாகவே இயங்குகின்றன என்று அவர்கள் எழுதினார்கள்.

அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளிலிருந்து இன்னோர் ஆய்வு. ஜஸ்டின் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் செய்தது இது. பூமா ஒரு மானைக் கொன்றால் சருகால் மூடிவைத்துவிட்டுச் சில இரவுகள் திரும்பி வந்து தின்னும். அந்த இடத்தில் ஒரு கேமராவையும் ஒலிபெருக்கியையும் இணைத்து வைத்தார்கள். பூமா வந்து நின்று கேமரா விழித்ததும் ஒலிபெருக்கி பேசும்: சில முறை மனிதர் சாதாரணமாகப் பேசும் குரல், சில முறை அந்தக் காட்டில் எப்போதும் கேட்கும் தவளைச் சத்தம். தவளைக்கு ஒரே ஒரு முறை தவிர எந்தப் பூமாவும் அசையவில்லை. மனிதக் குரல் கேட்டபோது 83 விழுக்காடு முறை இரையை விட்டு ஓடின. திரும்பி வர அதிக நேரம் எடுத்துக்கொண்டன, தின்ற நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. தின்ன முடியாமல் விட்ட மானுக்கு ஈடாக அவை இன்னொரு மானைக் கொல்ல வேண்டியிருக்கும். பேச்சுக் குரல் மட்டுமே ஒரு காட்டின் மான், பூமாக் கணக்கை மாற்றிவிடக்கூடும் என்பதைப் படித்தபின், மலைப்பாதையில் உரக்கப் பேசிக்கொண்டு போகும் கூட்டத்தைக் கண்டால் மனம் பதைக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கருவி அந்நியமில்லை. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாடியபோது வனத்துறை தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தியதை எல்லா நாளிதழ்களும் எழுதின. ஊர்கள் அஞ்சியிருக்கும் நேரத்தில் ‘கேமராவில் பதிவாகவில்லை’ என்ற வரி ‘சிறுத்தை போய்விட்டது’ என்று படிக்கப்படும் ஆபத்து உண்டு. எத்தனை கேமராக்கள், எந்த இடங்களில், எத்தனை இரவுகள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மக்கள் தங்கள் அச்சத்தையோ துணிவையோ சரியாக அளந்துகொள்ள முடியும்.

கேமராக்கள் மலிவாகிவிட்டதால் வேறு சிக்கல்களும் வந்துள்ளன. அரிசோனாவின் வறண்ட காடுகளில் ஒரே நீர்நிலையைச் சுற்றி வேட்டைக்காரர்கள் கேமராக்களைக் குவித்தார்கள். அவற்றைப் பார்க்க ஆட்கள் வந்துபோக, விலங்குகள் தண்ணீருக்கு வரத் தயங்கின என்ற கவலை எழுந்தது. 2022 ஜனவரி முதல் வேட்டைக்குக் கேமரா பயன்படுத்துவதை அந்த மாநிலம் தடை செய்தது. சரியான தடை என்றே நான் நினைக்கிறேன். கைபேசிக்கு உடனே படம் அனுப்பும் கேமரா வேட்டைக்காரர் கையில் இருந்தால், தப்பிக்க விலங்குக்கு இருந்த வாய்ப்பு போய்விடுகிறது. அரிய விலங்கின் படத்தைப் பகிர்பவர்கள் அதில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குவதும் அவசியம்.

படங்கள் பெருகியதும் பிரிக்கக் கணினி வந்தது. மெகாடிடெக்டர் போன்ற செயலிகள் வெற்றுப் படங்களை ஒதுக்கி, விலங்குள்ளவற்றை மட்டும் எடுத்துத் தருகின்றன. மாதக்கணக்கான வேலை சில நாட்களில் முடிகிறது. ஆனால் சாரா பீரியும் சக ஆய்வாளர்களும் 2018ல் காட்டியபடி, ஓர் இடத்தின் படங்களில் பழகிய கணினி, பார்க்காத இடத்தின் படங்களில் தடுமாறுகிறது. விலங்கோடு சேர்த்து அதன் பின்னணியையும் அது மனப்பாடம் செய்திருக்கிறது.

ஒரே ஒரு படத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த இடமும் உண்டு. ஃபுளோரிடாவில், பாந்தர் என்று அழைக்கப்படும் அங்குள்ள பூமாக்களில் வளர்ந்தவை 120 முதல் 230 வரைதான் எஞ்சியுள்ளன. அவை மாநிலத்தின் தெற்கு மூலையில், கலூசாஹாச்சி ஆற்றுக்குக் கீழே முடங்கியிருந்தன. ஆண்கள் நீந்தி வடக்கே போவதுண்டு. பெண் போனதாக 1973க்குப் பிறகு நெடுங்காலம் பதிவு இல்லாமல் இருந்தது. பெண் போகாமல் இனம் பரவ முடியாது. 2016ல் ஆற்றுக்கு வடக்கே ஒரு கேமராவில் பெண் பாந்தர் என்று நம்பத்தக்க படம் விழுந்தது. 2017ல் குட்டிகளோடு ஒரு தாய். நாற்பது ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

அதே மாநிலத்தில்தான் கேமராக்கள் ஒரு நோயையும் காட்டிக்கொடுத்தன. மக்கள் அனுப்பிய காணொளிகளில் சில பாந்தர்களும் பாப்கேட்களும், பெரும்பாலும் குட்டிகள், பின்னங்கால் தள்ளாடி, நிற்க முயன்று சாய்ந்து, மீண்டும் எழுந்து நடந்தன. 2019ல் ஃபுளோரிடா மீன், காட்டுயிர் ஆணையம் இதை வெளிப்படையாக அறிவித்து, நடக்கச் சிரமப்படும் விலங்குகளின் காணொளி இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. இறந்த விலங்குகளை ஆராய்ந்தபோது தண்டுவட நரம்புகள் சிதைந்திருந்தன. அசையாப் படத்தில் இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரு நொடியில் உறைந்த குட்டி நலமாகவே தோன்றும். தங்கள் கேமராவைக் காணொளிக்கு மாற்றி வைத்திருந்தவர்களால்தான் இது தெரிய வந்தது. ஆணையம் கேட்டது தள்ளாடும் குட்டிகளின் காணொளிகளை. நான் அந்த ஊரில் கேமரா வைத்திருந்தால், நேராக நடந்துபோகும் குட்டிகளின் காணொளிகளையும், யாருமே வராத இரவுகளின் தேதிகளையும் சேர்த்தே அனுப்புவேன். எத்தனையில் எத்தனை நோயுற்றவை என்று அறிய அவர்களுக்கு அவையும் வேண்டும்.